மாதிரி நோயாளி

"வேலைவெட்டி இல்லாம வீட்ல உட்கார்ந்திருந்தா முன்னெல்லாம் வேற பேரு. இப்ப ஃப்ரீலான்சர்னு மரியாதையா கூப்பிடறோம்!"

சொல்லிவிட்டுப் பெரிய மாப்பிள்ளையே முதலில் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், மாமியார் வீட்டுச் சாப்பாட்டு மேஜை. இரண்டு மகள்கள், இரண்டு மாப்பிள்ளைகள். மாப்பிள்ளைகள் இருவருமே சாஃப்ட்வேர்காரர்கள். பெரியவர் பெரிய கம்பெனியில் மேனேஜர். சின்னவர் அதே மாதிரி வேலையை இரண்டு வருஷத்துக்கு முன்னால் உதறிவிட்டு, வீட்டிலிருந்தே வேலை எடுத்துச் செய்பவர்.

"நானும் அதைத்தான் கேக்கறேன். நல்ல வேலையை எதுக்கு மாப்பிள்ளை விட்டீங்க?" என்றார் மாமியார்.

அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. யாருக்காவது தீர்ப்புச் சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. சகலைகள் இருவரும் தங்களுக்குள் அவருக்கு 'ஜட்ஜம்மா' என்று பெயர் வைத்திருந்தார்கள். கட்டிய மனைவிகளுக்குக்கூடத் தெரியாத பெயர்.

"ஒரு நாளைக்கு ஏழு மீட்டிங் அத்தை," என்றார் சின்னவர். "அதுல ஆறு, வேலை ஏன் இன்னும் முடியலைன்னு கேக்கறதுக்கு."

"ஏழு மீட்டிங்குக்குக் கூப்பிட்டா உங்களை மதிக்கிறாங்கன்னு அர்த்தம் சகலை!"

"இப்ப பிடிக்காத வேலையை வேணாம்னு சொல்லிடலாம். பாப்பாவை நானே ஸ்கூல்ல விட்டுக் கூட்டிட்டு வரேன்..."

"பிடிச்ச வேலை வரவே இல்லைன்னா? ஃபேன் சுத்தறதைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்களா?"

பெரியவரின் கால் மேஜைக்கு அடியில் தடதடவென்று ஆடியது. டம்ளரில் தண்ணீர் தளும்பியது.

"காலை ஆட்டாதீங்க," என்றாள் அவர் மனைவி.

கால் நின்றது. கை போனை எடுத்தது. பார்த்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

"லீவு நாள்லகூட ஆபீஸ் விடாது போல," என்று மாமியார் பெருமைப்பட்டுக்கொண்டார்.

"என்ன பண்றது அத்தை? நம்மளை நம்பி நூறு பேர் இருக்காங்களே."

நூறு பேர் இருந்தது நாலு மாசத்துக்கு முன்னால். பத்தொன்பது வருஷ வேலையைக் கம்பெனி ஒரு பதினைந்து நிமிஷ வீடியோ காலில் முடித்துவிட்டது. மனைவியிடம் சொல்ல வாய் வரவில்லை. தினமும் காலையில் அவள் தேய்த்துக் கொடுக்கும் சட்டையைப் போட்டு, கழுத்தில் செல்லாத அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு, பொது நூலகத்தின் இரண்டாவது மாடிக்குப் போய் உட்கார்ந்துவிடுவார்.

பதினோரு இன்டர்வியூ. "உங்க அனுபவம் எங்களுக்கு ரொம்ப அதிகம் சார்" என்று எல்லோரும் ஒரே மாதிரி கும்பிடு போட்டுவிட்டார்கள். கடைசியில், யாரைக் கிண்டல் பண்ணினாரோ அவர் வழிக்கே வந்தார். ஃப்ரீலான்சர்களுக்கான ஒரு இணையதளத்தில் புனைபெயரில் பதிவு செய்துகொண்டார். முதல் வேலை, ஒரு பல் மருத்துவமனைக்கான ஆப். டாக்டரிடம் வேலையை எடுத்து இவரிடம் கொடுத்தவரும் புனைபெயர்க்காரர்தான்; வேறு விவரம் தெரியாது. வெள்ளிக்கிழமை முடித்து அனுப்பியாயிற்று. இன்னும் பதில் இல்லை.

நல்லபடியாகப் பதில் வந்தால் மனைவியிடம் சொல்லிவிடலாம். 'வேலை போச்சு, ஆனா வேலை இருக்கு' என்று. வராவிட்டால் நாளைக்கும் அந்த அட்டையை மாட்ட வேண்டும்.

"எல்லாருக்கும் உங்களை மாதிரி நிதானம் வருமா பெரிய மாப்பிள்ளை?" என்ற மாமியார் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "ஸ்ஸ்... ரெண்டு நாளா பல்லு உயிரை வாங்குது. நல்ல பல் டாக்டர் யாராவது இருக்காங்களா?"

சின்னவருக்குப் புரையேறியது. அவர் மனைவி முதுகில் தட்டினாள்.

பெரியவர் உருட்டிய கவளத்தைத் தட்டிலேயே போட்டார்.

ஆப் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க மாதிரிக்கு ஒரு நோயாளியைப் பதிவு செய்திருந்தார். நூலகத்தில் தனியாகக் கிடந்தவருக்கு அன்று ஒரு குறும்பு. *பெயர்: ஜட்ஜம்மா. வயது: 68. உபாதை: வாயை மூட முடிவதில்லை.*

அனுப்பும் முன் அதை அழித்தோமா? அழிக்கவில்லை!

பத்தொன்பது வருஷமாக அடுத்தவர்களுக்கு அவர் பாடம் எடுத்த விஷயம் இது. எந்த டாக்டர் இதைப் பார்த்து அடுத்த வேலை கொடுப்பார்?

"அத்தை, அவசரப்பட்டு வேலையை விடறவங்களுக்குப் பொறுப்பு..." என்று என்னவோ ஆரம்பித்தார்.

"அண்ணன் சொல்றது சரிதான் அத்தை. எனக்குப் பொறுப்பு கொஞ்சம் கம்மிதான்," என்றார் சின்னவர், தட்டைப் பார்த்தபடி.

"தப்பை ஒத்துக்கிட்டா சரி," என்று மாமியார் தீர்ப்பெழுதினார்.

பெரியவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார். குழாயைத் திறந்தார். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ஈரக் கையோடு எடுத்தார். அந்த இணையதளத்திலிருந்துதான்.

"வேலை பிரமாதம். டாக்டருக்குத் திருப்தி. இதே மாதிரி இன்னும் மூணு வேலை என்கிட்ட இருக்கு, நீங்கதான் செய்யணும். மாதிரி நோயாளி ஜட்ஜம்மாவை மட்டும் டாக்டர்கிட்ட காட்டறதுக்கு முன்னாடி நான் அழிச்சுட்டேன். வெள்ளிக்கிழமை அதைப் பார்த்தப்பதான் நீங்கன்னு தெரிஞ்சுது அண்ணா."

பெரியவர் குழாயை மூடிவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். போன் மறுபடி அதிர்ந்தது.

"அண்ணிகிட்ட நீங்களா சொல்ற வரைக்கும் என்னைக் கிண்டல் பண்றதை நிறுத்திடாதீங்க. திடீர்னு நிறுத்தினா அவங்களுக்குச் சந்தேகம் வந்துடும்."