ஜன்னலோர மேஜை

காப்பிக் கடையின் ஜன்னலோர மேஜையில் கோதண்டராமனும் கஸ்தூரியும் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். செங்கம் ரோட்டில் பைக்கில் வந்த விமல்ராஜுக்கு வயிறு பற்றி எரிந்தது. அவன் பார்ப்பது தெரிந்ததும் கோதண்டராமன் லேப்டாப்பைப் பட்டென்று மூடினார்.

“திருட்டு வேலை பண்றவன் ஜன்னலோரமாவா உட்காருவான்? என்னா துணிச்சல்!” என்று ஹெல்மெட்டுக்குள்ளேயே முனகினான்.

கோதண்டராமன் சென்னையிலிருந்து வந்த கோச். கிரிக்கெட் கோச் இல்லை. மேனேஜர்களுக்குள் முட்டிக்கொண்டால் தீர்த்துவைக்கிற கோச். இதற்கெல்லாமா ஆள் இருக்கிறது என்று கேட்காதீர்கள், இருக்கிறது.

அவர் வந்திருந்த பால் கம்பெனியில் பாக்கெட் போடும் பிரிவுக்கு விமல்ராஜ் மேனேஜர். அதை வண்டியேற்றி அனுப்பும் பிரிவுக்குக் கஸ்தூரி. இருவருக்கும் ஒரு வருஷமாகப் பேச்சு கிடையாது. எதிரெதிர் அறையில் உட்கார்ந்துகொண்டு மெயிலில் சண்டை போட்டுக்கொள்வார்கள்.

போன பௌர்ணமிக்குப் பாக்கெட்டும் லேட், வண்டியும் லேட். அதற்குள் கிரிவலப் பாதையில் போலீஸ் தடுப்பு போட்டுவிட்டது. ஊருக்கு வெளியே வெயிலில் நின்ற வண்டிகளில் பால் மொத்தமும் திரிந்து போனது.

“அடுத்த பௌர்ணமியும் இதே கதைன்னா, உங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு இங்க வேலை இல்ல” என்று முதலாளி அன்பரசன் கத்திவிட்டு, கையோடு கோச்சையும் வரவழைத்தார்.

அந்த ஒருத்தர் யார் என்று எழுதிக்கொடுக்கத்தான் இந்த ஆள் வந்திருக்கிறான் என்று விமல்ராஜுக்குச் சந்தேகம். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். நாற்பது தாண்டியவனுக்கு இந்த ஊரில் யார் மேனேஜர் நாற்காலியைத் துடைத்து வைத்துக் காத்திருக்கிறார்கள்? ராத்திரியில் தூக்கமே இல்லை.

மறுநாள் கோச் அவனுடைய அறைக்கு வந்தார். கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்தார். சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மகள் என்ன குரூப் எடுத்திருக்கிறாள், வெறுங்காலோடு கிரிவலம் போனால் கால் கொப்பளிக்காதா என்று ஊர்க்கதை. ஆனால் நடுநடுவே எதிர் அறையில் இருந்த கஸ்தூரியைப் பார்த்துக்கொண்டே அவன் காதுப் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தி, “டீ கிடைக்குமா?” என்று கேட்டார்.

பௌர்ணமிக்கு முந்தின நாளும் அதே கடை, அதே ஜன்னல், அதே சிரிப்பு. விமல்ராஜுக்குப் பொறுமை போய்விட்டது. கஸ்தூரி ஆபீசுக்குத் திரும்பியதும் நேராக அவள் அறைக்குள் நுழைந்தான்.

“மேடம், நேராவே கேக்கறேன். அந்தாளுகிட்ட என்னைப் பத்தி என்னா போட்டுக் குடுத்தீங்க?”

கஸ்தூரி விருட்டென்று எழுந்தாள். “நான் கேக்க வேண்டியத நீங்க கேக்கறீங்களா? கதவ சாத்திக்கினு என்னைப் பாத்துப் பாத்துக் குசுகுசுன்னு பேசினது யாரு?”

“அண்ணாமலையார் சத்தியமா டீ கேட்டாரு மேடம்! பொண்ணு படிப்பப் பத்திப் பேசினாரு. வேற ஒண்ணுமே இல்ல.”

“எங்கிட்ட கருவாட்டுக் கொழம்பு எப்படி வெக்கறதுன்னு கேட்டாரு சார். நான் சொல்லச் சொல்ல விழுந்து விழுந்து சிரிக்கறாரு.”

“அப்ப லேப்டாப்ப ஏன் மூடினாரு?”

“அதுல வெறும் மலை படம்தான் இருந்துச்சு.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கஸ்தூரிதான் முதலில் நாற்காலியை அவன் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

“உட்காருங்க சார். ஊரு ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம். நம்ம ரெண்டு பேரையும் முட்ட விட்டு, ரெண்டு சீட்டையும் காலி பண்ணப் பாக்கறாரு. இந்த எடத்துல உட்கார வெக்க அவரு ஆளுங்க ரெடியா இருப்பாங்க.”

“அடப்பாவி! மொதல்ல நாளைக்குப் பால் ஒழுங்கா போவட்டும் மேடம். அப்புறம் யாரு நம்ம மேல வெரல் நீட்டறாங்கன்னு பாக்கலாம்.”

“விடியறதுக்குள்ள பாக்கெட்ட குடுங்க. போலீசு தடுப்பு போடறதுக்குள்ள கிரிவலப் பாதையில அடி அண்ணாமலை வரைக்கும் எறக்கிக் காட்டறேன்.”

சொன்னது சொன்னபடி நடந்தது. பொழுது விடியும்போதே கடைசி வண்டியும் கிளம்பிவிட்டது. அன்று கிரிவலப் பாதையில் பால் இல்லை என்று சொன்ன டீக்கடை ஒன்றுகூட இல்லை.

மறுநாள் காலை கஸ்தூரி ஸ்கூட்டியை ஓட்ட, விமல்ராஜ் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார, இருவரும் முதலாளி வீட்டுக்கே போய்விட்டார்கள்.

“சார், அந்த கோச் சரியில்ல. எங்களுக்குள்ள கோள் மூட்டப் பாக்கறாரு. இன்னைக்கே அனுப்பிடுங்க” என்றான் விமல்ராஜ்.

“எங்களுக்குள்ள சண்டைன்னு மொதல்ல யாரு சார் சொன்னது?” என்றாள் கஸ்தூரி.

அன்பரசன் இருவரையும் சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டுக் கோபத்தோடு போனை எடுத்தார். “என்னங்க நீங்க? சமாதானம் பண்ணுவீங்கன்னு கூப்ட்டா, கோள்மூட்டி, குடிகெடுக்கறவருன்னு ரெண்டு பேரும் உங்களத் திட்டித் தீக்கறாங்க!”

மறுமுனையில் கோதண்டராமன் நிதானமாகக் காப்பியை உறிஞ்சினார்.

“ஒண்ணாவா வந்து திட்டினாங்க?”