பக்கத்து வளைக்கு வந்த பொட்டலம்

முள்ளுக்குப் பயந்த காகம், முள்ளம்பன்றிக்கு வரும் பொட்டலத்தையெல்லாம் பக்கத்து வளை முயலிடமே போட்டுவிட்டுப் பறந்துவிடும். முயல் கொண்டுபோய்க் கொடுத்தால் முள்ளம்பன்றி நன்றியா சொல்லும்? "பிரிச்சுப் பாத்தியா?" என்று சிலிர்த்துக்கொண்டு கேட்கும்.

வெறுத்துப்போன முயல், அடுத்து வந்த பொட்டலத்தைச் சருகுக்கடியில் தள்ளி அதன்மேல் உட்கார்ந்துகொண்டது. கொஞ்சம் அலையட்டும்.

முள்ளம்பன்றியே தேடி வந்தது. "எம் மககிட்டயிருந்து ஏதாச்சும் வந்துச்சா?"

"ஒண்ணும் வரலையே."

"மழைக்கு முன்னாடி கிழங்கு அனுப்பிருவா. இந்த வருஷம் மறந்துட்டா போல." எப்போதும் சிலிர்த்தே நிற்கும் முட்கள் மெல்லப் படிந்தன. "உனக்கும் என்னால எப்பவும் தொந்தரவு. இனிமே கேக்கமாட்டேன்பா."

அது தளர்ந்து நடந்து தன் வளைக்குள் போய் மறையும்வரை முயல் எழுந்திருக்கவில்லை. அடியில் கிழங்கு குத்திக்கொண்டே இருந்தது.