சான்றிதழைப் பார்த்தவர்கள்

துறைத்தலைவர் மாசிலாமணிக்கு உலக அறிஞர் விருது கிடைத்திருப்பதாக மின்னஞ்சல் வந்தது. சான்றிதழ் என்றிருந்த இணைப்பைத் திறந்ததும் அவர் கணினி உயிரை விட்டது. பழைய பெட்டி என்று அதைத் திட்டிவிட்டு, கைபேசியிலிருந்து துறையில் எல்லோருக்கும் அந்த மின்னஞ்சலை அனுப்பினார். மாலைக்குள் வாழ்த்துகள் குவிந்தன. ஒருவரும் அந்த இணைப்பைத் திறக்கவில்லை; ஆனாலும் சான்றிதழ் கண்ணிலேயே நிற்கிறது என்று எழுதியிருந்தார்கள். அவரிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் இளவெயினி மட்டும் எழுதவில்லை. அவளை மடிக்கணினியோடு வரச் சொன்னார்.

"ஏம்மா, உனக்குப் பாக்க நேரமில்லையோ?"

"அனுப்பின முகவரியே தாறுமாறா இருக்குங்கய்யா. வைரஸா இருக்கும். என் ஆய்வேடு பூரா இதுலதான் இருக்கு."

"அப்ப எனக்கு விருது குடுக்க ஆளில்லங்கற?"

"ஐயோ, இல்லங்கய்யா. ஆய்வேட்டை ஒரு நகல் எடுத்துட்டு வந்து திறக்கறேன்."

"என் விருது மேல அவ்வளவு சந்தேகமா? நான் கையெழுத்துப் போட்டாத்தான் நீ ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும், தெரியும்ல?"

இளவெயினி இணைப்பைச் சொடுக்கினாள். கோப்புகள் ஒவ்வொன்றாகப் பெயர் மாறி, திரை கறுத்தது.

"எப்படி இருக்கு?" என்றார் மாசிலாமணி, மடிக்கணினியின் முதுகைப் பார்த்தபடி.

"உங்க போட்டோ ரொம்ப நல்லா வந்திருக்குங்கய்யா."