குறுக்குத்துறை முழுக்கு

“அந்த ஆத்துப் படத்தை மட்டும் கழட்டிரும்மா. மத்ததெல்லாம் இருக்கட்டும்” என்றார் நூலகர் தாணுமாலையன்.

“கழட்ட மாட்டேன் சார்.”

திருநெல்வேலி டவுனில் ஒரு கிளை நூலகத்து மாடி. சித்ரலேகாவின் ஓவியக் கண்காட்சிக்கு அன்றுதான் முதல் நாள். அப்பா சைவப் பிள்ளைமார்; அம்மா மேலப்பாளையம் ஹமீது பீவி. இரண்டு வீட்டையும் சேர்த்துத்தான் வரைந்திருந்தாள்.

ஒரே அடுப்பில் அப்பா வீட்டுச் சொதியும் அம்மா வீட்டு நோன்புக் கஞ்சியும் கொதிக்கிற படத்தைப் பார்த்து எல்லாரும் ஆகா ஓகோ என்றார்கள். அடுப்பில் கலந்தால் யாருக்கும் கசக்காது போலிருக்கிறது!

ஆற்றுப் படத்தின் முன்னால் மட்டும் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

அது குறுக்குத்துறை. அறுபத்தெட்டாம் வருஷம், அப்பா அம்மாவைக் கட்டிய மறுநாளே, அவர் வீட்டு ஆண்கள் தாமிரபரணியில் இறங்கி உயிரோடிருந்த மனுஷனைத் தலைமுழுகினார்கள். இனி அவன் செத்தவன் கணக்கு. தெளிந்த தண்ணீருக்குள் கண்ணை இறுக மூடி முங்கியிருக்கும் முகங்களை அவள் அப்படியே வரைந்திருந்தாள். எல்லாம் ஊருக்குத் தெரிந்த முகங்கள்.

படத்தில் முன்னால் இருப்பது பெரியப்பா சிவசங்கரன். ஓய்வுபெற்ற தாசில்தார். இப்போது இந்த நூலகத்து வாசகர் வட்டத் தலைவர்.

“அண்ணாச்சி இப்ப வந்துருவாக. பாத்தாகன்னா ஹாலையே பூட்டச் சொல்லிருவாக. ஒன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்.”

“பூட்டட்டும். போன வருஷம் எங்க அப்பா செத்ததுக்கு அந்த வீட்டு ஆளு ஒருத்தரும் வரலை. ‘அவனை அப்பமே தலைமுழுகியாச்சு’ன்னு சொல்லி அனுப்பிட்டாக. நடந்ததைத்தான சார் வரஞ்சிருக்கேன்?”

சொல்லி முடிக்கவில்லை, படியில் செருப்புச் சத்தம்.

சிவசங்கரன் யாரையும் பார்க்காமல் நேராக ஆற்றுப் படத்தின் முன்னால் போய் நின்றார். நெற்றி நிறையத் திருநீறு. பின்னால் கூட்டம் கூடிவிட்டது.

“இது தப்பு” என்றார் சிவசங்கரன்.

“இந்தா, இப்பமே கழட்டிருதேன் அண்ணாச்சி!” தாணுமாலையன் ஸ்டூலை இழுத்தார்.

சித்ரலேகா பாய்ந்து படத்தை மறித்து நின்றாள்.

“எது சார் தப்பு? நீங்க முழுகினதா, நான் வரஞ்சதா?” பெரியப்பா என்று கூப்பிட அவளுக்கு நாக்கு வரவில்லை.

“அன்னைக்கு ஆத்துல நடந்ததை ஒங்க அப்பன் பாத்தானா?”

“பாத்தாங்க. கரையில மண்டபத்துக்குப் பின்னால நின்னுருக்காங்க. நீங்கல்லாம் தண்ணில எறங்கினதும், அதுக்கு மேல பாக்க மனசில்லாம வந்துட்டாங்களாம்.”

“அப்ப முழுசும் பாக்கலை...”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “வே தாணுமாலையன், ஸ்டூலை அங்கன வையும். படம் இங்கனயேதான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு, மாடி முழுவதற்கும் கேட்கிற குரலில் அவளிடம் சொன்னார்:

“என் தலையை மட்டும் தண்ணிக்கு வெளிய எடுத்து வரஞ்சிரு தாயி. எல்லாரும் கண்ண மூடி முங்குன நேரம், நான் ரெண்டு கைத் தண்ணி அள்ளித் தலையில தெளிச்சிக்கிட்டுக் கரையேறிட்டேன். இத்தனை வருஷமா அதை வெளிய சொல்லத்தான் துப்பில்லாமப் போச்சு. என் தம்பியை நான் தலைமுழுகலை!”