நாலு மணி மேட்ச்

சுவருக்கு அந்தப் பக்கம் மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. டொக், டொக் என்று பந்தடிக்கும் சத்தம். பிறகு கூட்டம் கைதட்டும் சத்தம். அதற்கும் மேலே பக்கத்து வீட்டு வீரமுத்துவின் கட்டைக் குரல்.

தொட்டிலில் கண்ணயர்ந்த குழந்தை சிணுங்கியது. முபீனா பல்லைக் கடித்துக்கொண்டு தொட்டிலை ஆட்டினாள்.

மாசாயில் இந்த வீட்டுக்குக் குடிவந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. அதற்குள் அந்த மேட்ச் அவளுக்கே பாதி மனப்பாடம். தினமும் சரியாக நாலு மணி. தினமும் அதே பழைய டென்னிஸ் மேட்ச்.

தம்போயில் வொர்க்ஷாப்பில் இருந்த கணவன் ஹாரூனுக்குப் போன் போட்டாள்.

"இன்னைக்கு நான் போய்க் கேக்கத்தான் போறேன்."

"வேணாம்லா. வயசானவரு. ரிட்டையர் ஆயி வீட்டுல இருக்காரு. அவருக்கும் பொழுது போகணும்ல?"

"அவருக்குப் பொழுது போகுது. அந்த ஆன்ட்டிக்கு?"

சத்தத்தைவிட அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. வீரமுத்துவின் மனைவி யோகேஸ்வரிக்கு ஸ்ட்ரோக் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. அந்த அம்மாளைச் சக்கர நாற்காலியில் வைத்து, டிவிக்கு எதிரே தள்ளி நிறுத்திவிட்டு, இந்த மனுஷன் பாட்டுக்கு டென்னிஸ் பார்க்கிறார். வாசல் கம்பிக்கதவு வழியாக முபீனாவே பார்த்திருக்கிறாள்.

"உனக்கு என்ன பிடிக்கும்னு அவங்களை ஒரு வார்த்தை கேட்டிருப்பாரா?"

"கேட்டா மட்டும் அவங்க எப்படிப் பதில் சொல்வாங்க?" என்றான் ஹாரூன்.

"மூஞ்சியப் பார்த்தா தெரியாதா?"

போனை வைத்தாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

"வாம்மா, உட்காரு," என்றார் வீரமுத்து. கண் டிவியைவிட்டு நகரவில்லை.

"அங்கிள், கொஞ்சம் பேசணும்."

"ஒரு நிமிஷம்மா. இந்த கேம் இப்பதான் ஆரம்பிக்குது."

வீடியோ டேப்பிலிருந்து டிஸ்க்கில் ஏற்றிய படம். கோடு கோடாக நடுங்கியது. இடதுகைக்காரன் ஒருவன் பந்தைத் தூக்கிப் போட்டு அடித்தான். எதிராளியால் தொடவே முடியவில்லை.

வீரமுத்து ரிமோட்டை அழுத்திப் படத்தை நிறுத்தினார். மனைவி பக்கம் திரும்பி, "லவ் ஃபிஃப்டீன்," என்றார் உரக்க.

தப்பு. முபீனா ஸ்கூலில் இரண்டு வருஷம் டென்னிஸ் ஆடியவள். சர்வ் போட்டவனின் ஸ்கோர்தான் முதலில் வரும்; லவ் என்றால் பூஜ்யம். ஃபிஃப்டீன் லவ் என்று சொல்ல வேண்டும். போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அடுத்த பாயிண்ட்டும் இடதுகைக்காரனுக்கே. மறுபடியும் படம் நின்றது.

"ஃபிஃப்டீன் ஆல்."

தினமும் ஒரே மேட்ச்சைப் பார்க்கிறவருக்கு ஸ்கோர்கூடத் தெரியவில்லையே.

"அங்கிள், அது தர்..."

"நீ சொல்லாதம்மா," என்று கையைக் காட்டித் தடுத்தார்.

முபீனாவுக்கு முகம் சுண்டிப் போயிற்று. என்ன திமிர் இவருக்கு.

மூன்றாவது பாயிண்ட். எதிராளி அடித்த பந்து வலையில் விழுந்தது.

"தர்ட்டி ஃபிஃப்டீன். சரிதானே யோகா?"

யோகேஸ்வரியின் புருவம் சுருங்கியது. இடது கையால் நாற்காலிக் கையை ஓங்கித் தட்டினார்.

"பாருங்க அங்கிள், அவங்களுக்குப் பிடிக்கல. டிவிய நிறுத்துங்க."

வீரமுத்து காதில் வாங்கவில்லை. மனைவியின் முகத்துக்கு நேரே குனிந்து, இன்னும் சத்தமாகச் சொன்னார். "தர்ட்டி ஃபிஃப்டீன்."

மறுபடியும் ஓர் அடி. கழுத்து நரம்பு புடைத்தது. நெற்றியில் வியர்வை அரும்பியது.

இதற்கு மேல் பொறுக்க முடியாது. முபீனா ரிமோட்டைப் பிடுங்கக் கையை நீட்டினாள்.

"த... தப்பு."

நீட்டிய கை அப்படியே நின்றது.

யோகேஸ்வரியின் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. உதட்டைக் கூட்டிச் சேர்க்கப் பெரும்பாடுபட்டார்.

"ஃபார்ட்டி... லவ்." அதுதான் சரியான ஸ்கோர்.

வீரமுத்து தோளில் கிடந்த துண்டை எடுத்து முதலில் மனைவியின் வாயோரத்தைத் துடைத்தார். பிறகு அதே துண்டில் தன் முகத்தை அழுத்திக்கொண்டார்.

முபீனா மெதுவாக உட்கார்ந்தாள். "ஆன்ட்டிக்குப் பேச்சு வராதுன்னு சொன்னாங்களே அங்கிள்."

"டாக்டருங்களும் அப்படித்தான் சொன்னாங்க. ஆறு மாசத்துல வரலைன்னா அப்புறம் வராதுன்னாங்க. இது எட்டாவது மாசம்." மூக்கை உறிஞ்சினார். "இந்த மேட்ச் இவ டேப் பண்ணி வெச்சதும்மா. இவதான் டென்னிஸ் பைத்தியம். எனக்குப் பந்து எந்தப் பக்கம் போனா யாருக்கு பாயிண்ட்டுன்னே தெரியாது. உட்கார்ந்து படிச்சுத்தான் கத்துக்கிட்டேன்."

"கத்துக்கிட்டா அப்புறம் ஏன் அங்கிள் தப்புத் தப்பா சொல்றீங்க?"

வீரமுத்து மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் இன்னும் கோபம் அடங்காமல் அவரையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்துல, நான் தப்பா ஒண்ணு பேசி இவ திருத்தாம விட்டதே இல்லம்மா. அதை நம்பித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்."