கேட்டைத் தூக்கித் திறக்கணும்

ஏழாவது தடவையும் கேட் கிறீச்சிட்டது.

"கட்," என்றார் டைரக்டர்.

நடிகை பெட்டியோடு தெருவில் நின்றாள். கிளிசரின் கண்ணீர் இன்னும் வழிந்துகொண்டிருந்தது.

"புருஷனை விட்டுட்டுப் போறம்மா நீ. ஊட்டிக்குப் போற மாதிரி பெட்டியத் தூக்கிட்டு நிக்கிற. நிலைப்படியத் தொடுற, திரும்பிப் பாக்குற, அழுவுற. அப்படியே சினிமா மாதிரி இருக்கு."

யாரோ சிரித்தார்கள்.

அவனும் சிரித்தான். வீடு அவனுடையது. படத்தின் தொடக்கத்தில் நன்றி என்று போட்டு அவன் பெயரையும் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்காகவே ஆபீசுக்கு லீவு. காலையிலிருந்து டைரக்டரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

மானிட்டரை மட்டுமல்ல. மனைவி யார் யாருக்கு டீ கொடுத்தாள், தம்ளரை வாங்கும்போது எவன் நிமிர்ந்து பார்த்தான் என்பதையும்.

சவுண்டுக்காரர் ஹெட்போனைக் கழற்றினார்.

"கேட் சத்தத்துல காது கிழியுது சார். எண்ணெய் விட்டும் கேக்கல. இவ போறது தெருவுக்கே தெரிஞ்சிடும்."

அப்போதுதான் அவன் மனைவி பேசினாள். வாசலில் டீத் தட்டோடு நின்றிருந்தாள்.

"அதத் தூக்கித் தெறக்கணும் சார். லேசா நம்ம பக்கம் இழுத்து, அப்புறம் தூக்கணும். சத்தமே வராது."

சவுண்டுக்காரர் போய் இழுத்தார். தூக்கினார்.

சத்தம் வரவில்லை.

பதினோரு வருடமாக அவன் அந்தக் கேட்டைத் திறக்கிறான். ஒரு நாளும் அது சும்மா திறந்ததில்லை. அவள் திறந்தாலும் அப்படித்தான் கத்தும். அவன் வீட்டில் இருக்கும்போது.

எப்போது பழகினாள்?

டைரக்டர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "வேற என்ன தப்பு இருக்கு? சொல்லுங்கக்கா."

"சார், அவ சீரியல் பாத்துப் பாத்துப் பேசுதா," என்றான் அவன். "ஏட்டி, நீ உள்ள போ."

அவள் போகவில்லை. அவனைப் பார்க்கவும் இல்லை.

"பெட்டி எடுக்க மாட்டா சார். பெட்டியக் கண்டா எதுத்த வீட்டு மதினி எந்த ஊருக்குன்னு கேப்பாவல்லா. கட்டப்பை போதும். காய் வாங்கப் போறான்னு நெனைச்சுக்கிடுவாவ."

"பையில என்ன இருக்கும்?"

"ரெண்டு சேல. ஆதார் கார்டு. பத்தாங்கிளாஸ் மார்க்சீட்டு. ஒரு எக்ஸ்ரே."

யோசிக்கவே இல்லை. மளிகைச் சாமான் சொல்வதுபோல வரிசையாகச் சொன்னாள்.

"எக்ஸ்ரே எதுக்குக்கா?"

அவள் டீத் தட்டைக் கை மாற்றிப் பிடித்தாள்.

நடிகை அவளுடைய இடது மணிக்கட்டைப் பார்த்தாள். எலும்பு கொஞ்சம் கோணலாகக் கூடியிருந்தது.

மாடிப்படியில் தவறி விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் அவன் அப்படித்தான் சொன்னான். அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

அந்த வீட்டுக்கு மாடி கிடையாது.

"யாருப்பா, ஒரு கட்டப்பை கொண்டாங்க," என்று டைரக்டர் குரல் கொடுத்தார்.

"இருக்கு சார்."

உள்ளே போனவள் போன வேகத்தில் திரும்பி வந்தாள். பை கனத்தது. வாயை ஊக்கு குத்தி மூடியிருந்தது.

இத்தனை நாள் அது எங்கே இருந்தது? பீரோச் சாவி அவனிடம் இருக்கிறது. பரணில் மாதம் ஒருமுறை ஏறிப் பார்க்கிறான். அவள் போனைத் தினமும் பார்க்கிறான். யாரும் பேசியதில்லை. பேசியதை அழித்ததாகவும் தெரியவில்லை.

ஆனால் யாரோ இருக்கிறான். இவ்வளவையும் ஒருத்தி தனியாகவா யோசிப்பாள்?

"நீங்களே ஒருதடவ போய்க் காட்டுங்கக்கா. அதப் பாத்து இவங்க பண்ணட்டும். கேமரா ஓடட்டும்."

மானிட்டரில் அவள் வாசலைத் தாண்டினாள். எதையும் தொடவில்லை. அழவில்லை. கேட்டை இழுத்துத் தூக்கினாள். தெருவில் இறங்கினாள்.

வலப்பக்கம் திரும்பினாள்.

பஸ் ஸ்டாண்ட் இடப்பக்கம். ரயில் ஸ்டேஷன் இடப்பக்கம். அவள் அம்மா ஊருக்குப் போகிற ஷேர் ஆட்டோவும் அங்கேதான் நிற்கும்.

வலப்பக்கம் எவன் இருக்கிறான்?

ஒவ்வொரு கதவாக நினைத்துப் பார்த்தான். டெய்லர். வயது எழுபது. ஜெராக்ஸ் கடை. நடத்துவது ஒரு பெண். பால் பூத் பத்து மணிக்கே சாத்திவிடுவார்கள். அதற்கப்புறம் ஆம்பளை என்று யாருமே இல்லை.

அதற்கப்புறம் மகளிர் காவல் நிலையம்.

ஃப்ரேமின் ஓரத்தில் அவள் நின்றுவிட்டாள். இதுவரை பல தடவை வந்திருக்கிறேன், இதற்கு மேல் போனதில்லை என்பதுபோல.

நடிகை பெட்டியைக் கீழே வைத்தாள். செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிப்போய் அவள் பக்கத்தில் நின்றாள்.

"நானும் கூட வரேன்க்கா. அப்பத்தான் எனக்கு அந்த நடை வரும்."

இரண்டு பேரும் நடந்தார்கள்.

மானிட்டரில் இப்போது தெரு மட்டும் இருந்தது.

"கட் சொல்லுங்க சார்," என்றான் அவன்.

டைரக்டர் திரும்பவில்லை.

"சார், கட்."

"ஷ்ஷ்," என்றார் சவுண்டுக்காரர். "டேக் போயிட்டிருக்கு."