ஒரே ஒருத்தனைக் காட்டு!

"புது டூல்தான். முடிவு பண்ணியாச்சு!" என்று போனில் கத்தினான் அவன்.

அவன் ஊருக்கெல்லாம் இலவசமாகத் தரும் மென்பொருளை எல்லா வகைக் கம்ப்யூட்டருக்கும் ஏற்றபடி உருவாக்கித் தர ஒரு டூல் வேண்டும். எந்த டூல் என்பதில்தான் கூட்டாளியோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டு.

"அது பழைய விண்டோஸுக்கு ஒத்துவராதுப்பா," என்றான் கூட்டாளி.

"எந்தப் புண்ணியவான் இன்னும் அதைக் கட்டிக்கிட்டு அழுறான்? ஒரே ஒருத்தனைக் காட்டு! அந்த ஓட்டை மெஷினுக்காக நான் ஏன் மாரடிக்கணும்?"

பக்கத்து மேஜையில் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்த அப்பா, "ஏம்பா இப்படிக் கத்துற? அந்தப் பையன் சொல்றதையும் கொஞ்சம் கேளேன்," என்றார்.

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. பேசாம இருங்க!"

அதே சூட்டில் பழைய விண்டோஸைக் கழற்றிவிட்டுப் புதிய பதிப்பை வெளியிட்டான். அது எல்லார் கம்ப்யூட்டரிலும் தானாகவே ஏறிக்கொள்ளும்.

"இப்ப எவன் வந்து கேக்குறான்னு பாக்குறேன்!"

அப்பாவிடமிருந்து பதிலே இல்லை. கோபமாக்கும் என்று திரும்பினான். அவர் தட்டிக்கொண்டேதான் இருந்தார். திரையில், 'இந்தப் பதிப்பு பழைய விண்டோஸில் இயங்காது' என்ற அறிவிப்பு அசையாமல் நின்றது.

புற்றுநோய் அப்பாவின் குரலைப் பறித்தபோது, அவர் தட்டுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்வதற்கென்றே அவன் எழுதிய மென்பொருள் அது. கேட்டுக் கேட்டுப் பழகிப்போனதில், அந்தக் குரல் எதிலிருந்து வருகிறது என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

போனில் கூட்டாளி கேட்டான்:

"அப்பா என்னப்பா சொல்றாரு? சத்தத்தையே காணோம்!"